கத்திரி வெயிலில் மானைக் காணாத கேமரா! தெரியுமா?

மரத்தில் கட்டிய ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் ஆள் கிடையாது, பொத்தானை அழுத்த விரல் கிடையாது. மான் வந்தால் தானே விழிக்கும், தானே வீடியோ எடுக்கும், தானே தூங்கிவிடும்! இதுதான் தானியங்கி கேமரா. புலிக் கணக்கெடுப்புச் செய்திகளில் அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு, உள்ளே இருக்கும் செட்டிங்கைத் தொடாமல், அப்படியே கொண்டுபோய்க் கட்டினால் என்ன கிடைக்கும் தெரியுமா?

மணிக்கணக்கில் சீமைக்கருவேலம் ஆடும் வீடியோ! (அடியேன் கண்ட உண்மை. மான் ஒன்றுகூட இல்லை. ஆடு மட்டும் பதினெட்டு!)

இந்தக் கேமரா மானைப் ‘பார்ப்பதே’ இல்லை, தெரியுமா?

ஆமாம்! அதன் முகத்தில் லென்ஸுக்குக் கீழே குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள் இருக்கும் சென்சாருக்கு மானும் தெரியாது, மரமும் தெரியாது. தெரிவது ஒன்றே ஒன்றுதான்: வெப்பம். பின்னால் இருக்கும் மண்ணிலிருந்தும் புதரிலிருந்தும் சூட்டில் வேறுபட்ட ஏதோ ஒன்று குறுக்கே நகர்ந்தால், ‘ஆள் வந்தாச்சு’ என்று கேமராவை எழுப்பிவிடும்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். மே மாதம். கத்திரி வெயில். காற்றே 38, 39 டிகிரி. மானின் உடல் வெப்பமும் ஏறக்குறைய அதே 38, 39 டிகிரிதான்! தரையும் கொதிக்கிறது, புதரும் கொதிக்கிறது, மானும் அதே சூட்டில் நிற்கிறது. வித்தியாசம் எங்கே? இல்லவே இல்லை! கண்ணுக்கு நேரே ஒரு கூட்டமே நடந்து போனாலும் சென்சார் அசையாது. நடுப்பகலில், பளீர் வெளிச்சத்தில், கேமராவுக்குக் கண் அவிந்துவிடும்!

பாறைக்கு எதிரே கட்டினீர்களோ, இன்னும் மோசம். யானைமலை, அரிட்டாபட்டி மாதிரி வெற்றுக் கற்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாமல் வைத்திருக்கும். மான் வெளியே வருவதோ சரியாக அந்தி நேரத்தில்!

அதனால்தான் கோடையில் சென்சாரின் உணர்திறனை ‘ஹை’யில் வைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அதே கேமராவுக்கு ‘மீடியம்’ தாராளம். ஆனால் உச்சிவெயிலில் ‘ஹை’ கூடச் சில நாள் கைவிடும். அப்போது ஒரு குறுக்கு வழி உண்டு, தெரியுமா? சென்சாரையே நம்பாமல், நிமிடத்துக்கு ஒரு படம் என்று கடிகாரத்தை வைத்து எடுக்கச் சொல்லலாம். டைம்லாப்ஸ் என்று மெனுவில் இருக்கும். காலை 11 முதல் மாலை 4 வரை 300 படம். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கட்டிவிட்டால் தாகத்துக்கு வந்தவர் யாரும் தப்ப முடியாது!

ஒரு ஆடிக்காற்று உங்கள் மெமரி கார்டை 5 மணி நேரத்தில் தின்றுவிடும், தெரியுமா?

அம்மியும் பறக்கும் மாதம். வெயிலில் காய்ந்த கருவேலங்கிளை ஆடினால் அதுவும் ‘சூடாக நகரும் பொருள்’தானே! சென்சார் ஏமாறும். ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

வீடியோ நீளம் 30 நொடி. அடுத்த வீடியோவுக்கு முன் இடைவெளி 5 நொடி. நொடிக்கு 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு வீடியோ 60 மெகாபைட். 32 ஜிபி கார்டில் சுமார் 533 வீடியோ. கிளை ஆடிக்கொண்டே இருந்தால்? 5 மணி 11 நிமிடத்தில் கார்டு நிரம்பிவிடும்! காலை 10 மணிக்குக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் எல்லாம் முடிந்தது. மான் வரும் மாலையில் கேமரா வெறும் பெட்டி!

இப்போது இரண்டே எண்களை மாற்றுங்கள். வீடியோ 10 நொடி, இடைவெளி 60 நொடி. அதே கார்டு, அதே காற்று. எவ்வளவு நேரம் தாங்கும்? 31 மணி நேரம்! அதைவிட எளிய வழியும் இருக்கிறது. ஒரு அரிவாள். கேமராவுக்கு முன்னால் ஆடும் கிளையை வெட்டிவிடுங்கள்! (சொந்தத் தோட்டத்தில் மட்டும். அழகர்மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கிளையைத் தொடவும் கூடாது, கேமராவைக் கட்டவும் கூடாது!)

அப்படியானால் இடைவெளி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லதா? அங்கேதான் வினை! மான் கூட்டம் வரிசையாக நடக்கும்போது பெரும்பாலும் முன்னால் வருவது யார் தெரியுமா? மூத்த பிணை! கொம்புள்ள கலை பின்னால் ஆடி அசைந்து வரும். 5 நிமிட இடைவெளி வைத்தவருக்குக் கார்டு முழுக்கப் பெண் மான்கள்தான். ‘எங்கள் பக்கம் ஆண் மானே இல்லை’ என்று அவர் சத்தியம் செய்வார்! வழித்தடத்தில் 10 நொடி இடைவெளி போதும். தண்ணீர்த் தொட்டியில் அதே கூட்டம் அரை மணி நேரம் நிற்கும், அங்கே ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ வைக்கலாம்.

அரை நொடி! அவ்வளவுதான்! தெரியுமா?

மிரண்டு ஓடும் புள்ளிமானின் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் வரை போகும். அதாவது நொடிக்கு 18 மீட்டர்! கேமராவின் பார்வை அகலம் 50 டிகிரி என்றால், 10 மீட்டர் தூரத்தில் அது காண்பது சுமார் 9 மீட்டர் அகலம்தான். ஓடும் மான் அதைக் கடக்க எடுக்கும் நேரம்? அரை நொடி!

படம் எடுக்க அரை நொடிக்குள் விழித்துவிடும் கேமராக்கள் கூட, வீடியோ என்றால் சோம்பல் முறித்து எழ ஒரு நொடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அதற்குள் மான் போயே போச்சு! கிடைப்பது என்ன? ஆடும் புல், அடங்கும் புழுதி. சரி, நிதானமாக நடக்கும் மான்? நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதே 9 மீட்டரைக் கடக்க 7, 8 நொடி. ஆகவே 10 முதல் 15 நொடி வீடியோவே நடைபாதைக்குப் போதும். 60 நொடி வைத்தால் மீதி 50 நொடி புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இன்னொரு தந்திரம்: பாதைக்கு நேர் குறுக்கே பார்க்கும்படி கட்டாதீர்கள். பாதையைச் சாய்வாகப் பார்க்கட்டும். மான் கேமராவை நோக்கியோ விலகியோ நடக்கும்போது சட்டத்துக்குள் அதிக நேரம் நிற்கும். காசு செலவே இல்லாத செட்டிங்!

பல கேமராக்களில் முதலில் ஒரு படம், உடனே ஒரு வீடியோ என்று இரண்டையும் சேர்த்து எடுக்கும் முறை உண்டு. என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள்.

‘4கே’ என்று பெட்டியில் பளபளக்கிறதே, நிஜமா?

1080 வீடியோவின் ஒரு ஃபிரேமில் 20,73,600 புள்ளிகள். 4கே வீடியோவில்? 82,94,400! சரியாக 4 மடங்கு! ஆஹா என்று வாங்கிவிடாதீர்கள். விலை மலிந்த கேமராக்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் படச் சென்சாருக்கு அத்தனை புள்ளி எடுக்கும் திறனே இருக்காது. சின்னப் படத்தை எடுத்து, இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி, பெரிதாக இழுத்துக் கொடுக்கும்! பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிற அதே வித்தை! கார்டு சீக்கிரம் நிரம்பும், பேட்டரி இறங்கும், மானின் மீசை மட்டும் கூடுதலாகத் தெரியாது.

நொடிக்கு எத்தனை ஃபிரேம்? 30 போதும். 60 வைத்தால் இன்னும் வழுவழுப்பாக இருக்கும் என்பது பகலுக்குச் சரி. அந்தியில்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும், வெளிச்சமும் பாதி! மான் வருவதே அரைவெளிச்சத்தில் என்னும்போது யாருக்கு வேண்டும் இந்த 60?

இந்தப் பெட்டியின் கொள்ளுத்தாத்தா வெடிச்சத்தத்தோடு படம் எடுத்தார், தெரியுமா?

அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ். வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர், அதற்கெல்லாம் மேலாக வேட்டைக்காரர்! துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர். இரவில் படகில் போய், மெக்னீசியம் தூளைக் கொளுத்திப் பளீரென்று வெளிச்சம் போட்டு மான்களைப் படம் பிடித்தார். பிறகு பாதையில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். மான் அதை இடறினால், மானே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்!

1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே மூச்சில் வெளியிட்டது. ‘புவியியல் இதழைப் படப் புத்தகம் ஆக்குகிறார்களே’ என்று கோபித்துக்கொண்டு நிர்வாகக் குழுவிலிருந்து 2 பேர் விலகியே போனார்கள்! மான் படத்துக்காக ராஜினாமா! நம்ப முடிகிறதா?

நம் நாட்டில்? எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி அதே கம்பி வித்தையைப் புலியிடம் காட்டினார். புலி மிதித்தது, படம் விழுந்தது! 1927-ல் அது புத்தகமாகவே வந்தது.

அங்கிருந்து எங்கே வந்து நிற்கிறோம் தெரியுமா? 2018 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு. கேமரா வைத்த இடங்கள் 26,838. கிடைத்த படங்கள் 3,48,58,623! அதில் புலி எத்தனை? வெறும் 76,651! மீதி? சிறுத்தை, மான், பன்றி, யானை, இன்னும் யார் யாரோ! கின்னஸ் சாதனையாகவே பதிவானது. ஒரு படத்தைப் பார்க்க ஒரு நொடி என்று, உண்ணாமல் உறங்காமல் பார்த்தாலும் 403 நாள் ஆகும்! 2022 கணக்கெடுப்பில் அதையும் தாண்டி 4 கோடியே 70 லட்சம் படம்! புலி என்றால் நம் மாவட்டத்தைச் சொல்லாமல் விடலாமா? 2021 பிப்ரவரியில் நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது எது? நம் மதுரை மாவட்டத்துச் சாப்டூர்க் காட்டையும் சேர்த்துக்கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை!

அமெரிக்கக் கையேடு சொல்லும் சூரியன் வேறு, மதுரைச் சூரியன் வேறு! தெரியுமா?

‘கேமராவை வடக்கு நோக்கிக் கட்டு, வெயில் முகத்தில் அடிக்காது.’ கேமராவோடு வரும் தாளிலும் யூடியூபிலும் இதே பாட்டுதான். அமெரிக்கப் பெருநிலத்தில் சரி. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். மதுரையில்? சித்திரை பிறந்த ஓரிரு நாளில் நடுப்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே! நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது! அதன் பிறகு நாலு மாதத்துக்கும் மேலாக நம் நடுப்பகல் சூரியன் நிற்பது வடக்கே! ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடி ஒருமுறை தலைக்கு மேலே வந்து, அப்புறம்தான் தெற்கே போகும். பயப்பட வேண்டாம். நம் ஊரில் உச்சிச் சூரியன் அவ்வளவு உயரத்தில் நிற்பதால் வடக்கும் ஓகே, தெற்கும் ஓகே. எதிரிகள் கிழக்கும் மேற்கும்தான். காலையும் மாலையும் சூரியன் நேரே லென்ஸுக்குள் புகும். மான் வரும் நேரமும் அதுவே!

கொம்புக் காலம் என்று ஒன்று இங்கே கிடையாது, தெரியுமா?

அமெரிக்க வெள்ளைவால் மானுக்கு எல்லாம் பஞ்சாங்கப்படி. இலையுதிர் காலத்தில் கொம்பு முற்றும், இணை தேடும், பிறகு கொம்பு விழும். அதனால் அங்கே கேமரா சீசன் உண்டு. நம் புள்ளிமானுக்கு? ஆண்டு முழுவதும் சீசன்தான்! ஒரே கூட்டத்தில் ஒரு கலைக்கு முற்றிய கொம்பு, இன்னொன்றுக்குப் பஞ்சு போர்த்திய இளங்கொம்பு, மூன்றாவதற்கு மொட்டைத் தலை! எந்த மாதம் கட்டினாலும் வேட்டை நிச்சயம்! (கேமரா வேட்டையைச் சொன்னேன். மற்றதுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது!)

இதைவிட வேடிக்கை: நம் புள்ளிமான் இப்போது டெக்சஸிலும் இருக்கிறது! 1930-களில் கொண்டுபோய் விட்டார்கள். ஹவாய்க்கு இன்னும் முன்பே, 1860-களில், அரசர் 5-ம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகக் கப்பலேறியது. இன்று அங்கே பல்லாயிரம்! அந்த ஊர்க்காரர் மரத்தில் கட்டும் கேமராவில் விழுவதும் நம் வீட்டுப் பிள்ளைதான்!

ஒவ்வொரு மானின் புள்ளிக்கோலமும் வேறு வேறு. புலிக்கு வரி மாதிரி! ஆனால் அந்த அடையாளம் தெரிய மான் அசையாமல் இருக்கும் ஃபிரேம் வேண்டும். இரவு வீடியோவில் நடக்கும் மான் கலங்கித் தெரியும், புள்ளியெல்லாம் கரைந்துவிடும். ஒரு படம், ஒரு வீடியோ என்று மேலே சொன்னேனே, அது இதற்காகவும்தான்.

850-ஆ, 940-ஆ?

இரவில் கேமரா பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். 850 என்றால் தூரம் அதிகம், ஆனால் முகப்பில் மங்கலாகச் செம்புள்ளிகள் மினுக்கும். நம் கண்ணுக்கே தெரியும்! 940 என்றால் ஒன்றுமே தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. மானுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, நீலம்தான் பளிச்சென்று தெரியும். அதற்காக ஏமாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரவு முறைக்கு மாறும்போது உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். நமக்குக் கேட்காவிட்டால் என்ன, மானுக்குக் கேட்கும்! இந்தக் கேமராக்களின் ஓசையையும் ஒளியையும் விலங்குகள் உணர முடிகிறது என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களே அளந்து சொல்லிவிட்டார்கள். ‘ரகசியக் கேமரா’ நமக்கு மட்டும்தான் ரகசியம்!

இரவு வீடியோவுக்கு 10 நொடிக்கு மேல் வைக்க வேண்டாம். விளக்கெரிக்கும் வீடியோ பேட்டரியை உறிஞ்சும் உறிஞ்சலே தனி. 8 பென்சில் பேட்டரி போட்டிருப்பீர்கள். சாதாப் பேட்டரி என்றால் சக்தி இறங்க இறங்க வெளிச்சமும் மங்கும், மான் இருட்டுக்குள் மறையும். லித்தியம் பேட்டரி கடைசிவரை ஒரே சீராக எரிந்துவிட்டுத் திடீரென்று படுத்துவிடும்!

மானின் காலுக்கிடையே இன்னொரு ‘மான்’ போகிறது, தெரியுமா?

பெரிய கடமான் தோள்வரை ஏறக்குறைய ஐந்தடி, எடை 250 கிலோவையும் தாண்டும். மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டில் இரவில் திரியும் சருகுமானோ ஒரு அடி உயரம்கூட இல்லை, எடை 3 கிலோ! உங்கள் வீட்டுப் பூனையைத் தராசில் நிறுத்திப் பாருங்கள்! அதற்குக் கொம்பு கிடையாது, பதிலுக்குக் கோரைப்பல். உண்மையில் அது மான் குடும்பமே இல்லை! புள்ளிமானுக்காக இடுப்புயரத்தில் கட்டிய கேமராவுக்குக் கீழே சருகுமான் ஒய்யாரமாக நடந்து போகும். பதிவே ஆகாது! முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டினால்தான் அவர் தரிசனம் தருவார்.

இதன் வியட்நாம் சொந்தக்காரர் ஒருவர், வெள்ளிமுதுகுச் சருகுமான், ஏறக்குறைய 30 ஆண்டுகள் அறிவியலார் கண்ணிலேயே படவில்லை. போயே விட்டது என்று நினைத்தார்கள். முதலில் வைத்தது வெறும் 3 கேமரா. வந்துவிட்டார்! 2019-ல் உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது!

மைக்கை அணைத்துவிட்டீர்களா? அடடா!

படத்தில் கிடைக்காத பாதிக் கதை சத்தத்தில் இருக்கிறது! மரத்தில் மந்தி தழை உதிர்க்கும், கீழே புள்ளிமான் தின்னும். மேலிருந்து மந்தி குரல் கொடுத்தால் கீழே மான் காதை நிமிர்த்தும். புள்ளிமானின் கூர்மையான கூவல், கடமானின் கனத்த ‘போங்’, நாய் மாதிரியே குரைக்கும் கேளையாடு. எல்லாமே ‘புலியோ சிறுத்தையோ பக்கத்தில்’ என்ற சேதி! வீடியோவில் சிறுத்தை தெரியாது. ஆனால் வந்தது தெரிந்துவிடும்!

கேமராவுக்கும் எதிரிகள் உண்டு. யானை பிடுங்கி எறியும், குரங்கு திருப்பிவிடும். ஆனால் சமவெளியில் பெரிய வில்லன் யார் தெரியுமா? எறும்பு! மழைக்கு முன் கேமராவைத் திறந்தால் பேட்டரி இடுக்கில் முட்டையோடு குடித்தனம்!

கடைசியாக, மணி பார்த்தீர்களா?

பேட்டரி தீர்ந்து மாற்றினால் பல கேமராக்கள் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும். ஜனவரி 1, நள்ளிரவு 12! தேதியும் அமெரிக்கப் பாணியில் மாதம் முன்னால் வரும். 05/04 என்றால் ஏப்ரலா மே மாதமா? வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில்! ஓரத்தில் குட்டியாக ஒரு நிலாப் படம் வேறு! நிலவைப் பார்த்து மான் நடமாட்டத்தைக் கணிக்கும் அந்த ஊர் வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது அது. அவசரத்தில் காலை, மாலையை மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பகல் 2 மணி, 84 டிகிரி, கும்மிருட்டு. நடுவே இரண்டு கண்கள் மட்டும் மின்ன, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும் ஒரு புள்ளிமான்!